அட்டை இல்லாம நிறுத்துப் போடு

அவளை நான் முதன்முதலில் பார்த்தபோது ஒரு புத்தகத்தின் அட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். மந்தைவெளியில் ஒரு பழைய பேப்பர் கடை. வீட்டில் சேர்ந்துபோன செய்தித்தாள்களைப் போட நான் போயிருந்தேன். என் வயதுப் பெண் ஒருத்தி தராசுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கெட்டி பைண்டு போட்ட தடிப் புத்தகம் ஒன்றை மடியில் கவிழ்த்து வைத்து, இரண்டு அட்டைகளையும் பின்னால் வளைத்து ஒரே இழுப்பில் பிய்த்தாள். முதுகுத் துணி சர்ரென்று உரிந்து வந்தது.

"அண்ணாச்சி, இப்ப அட்டை இல்லாம நிறுத்துப் போடு."

"ஏ பிள்ள, வாரா வாரம் இப்படி உரிச்சுப் போட்டுட்டுப் போனா மிச்சத்த நான் என்ன செய்ய?"

"அட்டைய அட்டை எடுக்கறவன்கிட்ட போடு. அவன் அதுக்கு தனி ரேட்டு குடுக்கறான் இல்ல? நானு அட்டையையா படிக்கப் போறேன்?"

கடைக்காரர் தராசில் வைப்பதற்குள் மறுபடியும் பிடுங்கி, முன்னால் இருந்த வெற்றுத்தாள் இரண்டு, பின்னால் இருந்த பதிப்பகத்தின் புத்தகப் பட்டியல் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டாள். கிலோ கணக்கில் விற்கும் கடையில் படிக்க உதவாத ஒரு தாளுக்கும் அவள் காசு கொடுக்கத் தயாராக இல்லை.

புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள் நான். "ஐயோ, புத்தகத்தைப் போய் கிழிக்கறியே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். "அட்டையோட நீ வாங்கித் தரியா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். யாராவது கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொள்வது எனக்கு அன்றைக்கே கைவந்த கலை. இதை எழுதும்போதுகூட என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது. நிற்க.

அடுத்த வாரம் கல்லூரி திறந்தது. கடைசிக்கு முந்தின பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னா அட்டை, நல்லா கீறியா?" என்றாள். மூன்று வருடமும் நான் அவளுக்கு அட்டைதான்.

அவளுக்கு ஒரு கோபம் உண்டு. எடுத்ததற்கெல்லாம் சீறுகிற கோபம் இல்லை. பஸ்ஸில் இடித்தால், கான்டீனில் ஆறிப்போன டீ கொடுத்தால், யாராவது முன்னால் புகுந்து வரிசையைக் குலைத்தால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். படிக்கப்படாமல் கிடக்கும் புத்தகத்தைப் பார்த்தால் மட்டும் அவளுக்கு ரத்தம் கொதிக்கும்.

ஒரு நாள் லஸ் முனையில் நடைபாதைக் கடையில் பழைய புத்தகங்களைக் கிளறிக்கொண்டிருந்தோம். ஒரு நாவல் கிடைத்தது. முதல் பக்கத்தில் நீல மையில், இருபது வருடத்துக்கு முந்தின தேதி போட்டு, கல்யாணப் பரிசாக யாரோ யாருக்கோ எழுதியிருந்தார்கள்: படித்து மகிழவும். உள்ளே பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அச்சகத்தில் வெட்டும்போது ஓரம் சரியாக அறுபடாமல் சேர்ந்தபடியே இருந்தது. கல்யாணமான பெண்ணுக்கு இந்நேரம் காலேஜ் போகும் பிள்ளை இருக்கும். ஒரு பக்கம்கூடப் பிரிக்கப்படவில்லை.

"இத்தினி வருசம் வூட்ல வெச்சிருந்து இன்னா பண்ணா அவ? தூசி தட்னாளா?" என்று ஆரம்பித்தவள், மயிலாப்பூர் குளத்தைத் தாண்டும்வரை நிறுத்தவில்லை. முகம் தெரியாத அந்தப் பெண்ணை அப்படித் திட்டினாள். அன்று ராத்திரியே தகர ஸ்கேலால் பக்கங்களைப் பிரித்து முழுவதையும் படித்துவிட்டு, மறுநாள் வந்து, "சுமாராத்தான் கீது. ஆனா படிக்காம விக்கற அளவுக்கு மோசம் இல்ல" என்றாள்.

தி.நகரில் ஏசி போட்ட புத்தகக் கடை ஒன்று இருந்தது. அங்கே அவள் ஒரு புத்தகத்தை நின்றபடியே தவணை முறையில் படித்தாள். வாரத்துக்கு ஒரு அத்தியாயம். நிறுத்திய இடத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி, யார் கண்ணிலும் படாதபடி சமையல் புத்தகங்களுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு வருவாள். ஒரு தடவை கடைப் பையன் வந்து, "வாங்கறதா இருந்தா எடுங்க மேடம்" என்றான்.

"எதிர்த்தாப்புல துணிக் கடையில போட்டுப் பாக்க ரூமே கட்டி வெச்சிருக்கான். நீ படிச்சிப் பாக்க ஒரு ஸ்டூல் போட மாட்டியா?"

அவன் சிரித்துவிட்டான். மறு வாரம் போனபோது புத்தகம் இல்லை. யாரோ வாங்கிவிட்டார்கள். "என் டிக்கெட்டோட தூக்கிக்கினு பூட்டான்" என்று புலம்பினாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "வாங்கனவன் படிச்சா சரி" என்றாள்.

அவள் வீடு முதலில் அடையாற்றின் கரையில் இருந்தது. இரண்டாம் வருடம் படிக்கும்போது அந்த வீடுகளை இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே வரிசையாய் நிற்கும் அடுக்குமாடிகளில் ஆளுக்கொரு வீடு கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்தவளுக்கு இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கூட்டம் இருந்தால் இரண்டு மணி நேரம். அதைப் பற்றி அவள் புலம்பியது ஒரே ஒரு முறைதான். "பழைய வூட்டாண்ட நாலு பேப்பர் கடை இருந்துச்சி. அங்க ஒண்ணுகூட கிடையாது. அங்க யாரு வூட்லயும் போடறதுக்கு பேப்பரே இல்ல."

எங்கள் வீட்டுக்கு இரண்டு மூன்று தடவை வந்திருக்கிறாள். கச்சேரி சாலைக்குப் பின்னால் கீழ்த்தளத்து வீடு. அம்மா காப்பி கொடுத்து, "கெட்டிக்காரி, இவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து படிக்கறா பாரு" என்று என்னைக் குத்திக் காட்டுவாள். கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. என் பெரியப்பா சேர்த்த புத்தகங்கள், தங்க எழுத்து முதுகோடு, உயர வரிசையில் அடுக்கியிருக்கும். அவள் கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி நின்று பார்த்தாள்.

"இத்த யாரு படிக்கறாங்க?"

"யாரும் இல்ல. சாவி எங்கேன்னே தெரியல."

என்னை அவள் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. காப்பியைக் குடித்து முடித்து, "வரேன் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் பெரியப்பா பாவம், அன்று முழுக்க விக்கியிருக்க வேண்டும்.

படிப்பு முடிந்ததும் இரண்டு பேரும் அரசு வேலைக்கான தேர்வு எழுத முடிவு செய்தோம். எனக்கு அது பத்தில் ஒன்று. அது இல்லாவிட்டால் எம்.ஏ., அதுவும் இல்லாவிட்டால் அப்பா யாரிடமாவது சொல்லி ஏதாவது ஒன்று. அவளுக்கு ஒன்றே ஒன்றுதான். அவளுடைய அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தவர். ஊருக்கு வெளியே போன பிறகு காலை பஸ்ஸைப் பிடிக்க முடியாமல் இரண்டு வீடுகளை விட்டுவிட்டார். "இந்த ஒரு வாட்டிதான். வரலன்னா துணிக் கடையில நிக்கப் போறேன்" என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். தி.நகரில் காலையிலிருந்து ராத்திரிவரை உட்காராமல் நிற்கும் வேலை. அவள் வீட்டில் கடையில் பேசியும் வைத்துவிட்டார்கள்.

தேர்வுக்கான வழிகாட்டிப் புத்தகம் செங்கல் கனம், விலையும் அதற்கேற்ற மாதிரி. அதை அவள் அண்ணாச்சி கடையில் கண்டுபிடித்தாள். போன வருடம் யாரோ எழுதித் தேறியோ தோற்றோ எடைக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். வழக்கம்போல அட்டையை உரித்து நிறுத்து வாங்கி வந்தவள், லஸ் பஸ் ஸ்டாப்பில் என் கண்முன்னால் பிளேடை எடுத்து முதுகு நெடுக ஒரு கோடு போட்டாள். புத்தகம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் வரலாறு, புவியியல், அறிவியல். இன்னொன்றில் அரசியலமைப்பு, பொருளாதாரம், கணக்கு.

"ஒரு வாரம் நீ ஒண்ணு, நானு ஒண்ணு. வெள்ளிக்கிழமை மாத்திக்கலாம். உன் வூட்ல கேட்டா புதுசே வாங்கித் தருவாங்க, தெரியும். ஆனா கேக்காத. ஒருத்தருக்கு ஒருத்தர் மாத்திக்கணும்னாதான் வாரம் தவறாம முடிப்போம்."

அப்படித்தான் முடித்தோம். ஒவ்வொரு வெள்ளியும் அதே ஸ்டாப். நான் தாமதமாகப் போன நாள் உண்டு. அவள் ஒரு வெள்ளிகூடத் தாமதமாக வந்ததில்லை. அரசியலமைப்புப் பகுதி அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "கடைசியா ரெண்டு நாள் அத்த மட்டும் உக்காந்து படிச்சேன்னா புடிச்சிருவேன்" என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். தேர்வு ஞாயிற்றுக்கிழமை. கடைசி மாற்று அதற்கு முந்தின வெள்ளி.

அந்த வெள்ளி சரஸ்வதி பூஜை.

எங்கள் வீட்டு வழக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்கு வீட்டிலுள்ள புத்தகங்களையெல்லாம் மணை போட்டு அடுக்கி, மேலே பட்டுத்துணி விரித்து, சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை செய்வோம். அன்று யாரும் எதையும் படிக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் மறுபடி ஒரு பூஜை செய்துவிட்டுத்தான் புத்தகத்தை எடுக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே எனக்கு அது படிப்புக்கு விடுமுறை. அன்று காலை குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, என் மேஜைமேல் இருந்ததையெல்லாம் அம்மா அடுக்கிவிட்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே அட்டையில்லாத அந்தப் பாதிப் புத்தகம், அரசியலமைப்பு இருந்த பாதி. முதல் தாளில் சந்தனப் பொட்டு.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அப்பாடா, இன்றைக்குப் படிக்க வேண்டாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை என்பது எனக்கு நினைவே வரவில்லை.

லஸ்ஸில் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுப் பதினொரு மணிக்கு அவள் எங்கள் வாசலுக்கு வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். கையில் மஞ்சப்பை, அதில் முதல் பாதி. அம்மாதான் போனாள். நான் பின்னாலேயே போய்க் கூடத்து வாசற்படியில் நின்றேன்.

"ஆன்ட்டி, என் புக்கு வாங்கிக்கினு போலாம்னு வந்தேன்."

"அடடா, பூஜையில வெச்சாச்சேம்மா. இனிமே எடுக்கப்படாது. நாளைக்குக் கார்த்தால புனர்பூஜை ஆயிடும். பத்து மணிக்கு வாயேன், நானே எடுத்துத் தரேன்."

"நாளன்னிக்கு பரிட்சை ஆன்ட்டி. அது என் புக்கு."

"யார் புஸ்தகமா இருந்தா என்ன, சரஸ்வதிகிட்ட இருக்கு. அவ கடாட்சத்தோட எடுத்துண்டு போனா உனக்குத்தான் நல்லது. ஒரு நாளைக்கு என்ன ஆயிடப் போறது?"

அம்மாவைத் தாண்டி அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, கோபமும் இல்லை, நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பட்டுத்துணியை விலக்கி மேலாக இருப்பதை எடுத்தால் போதும். அம்மா கத்தியிருப்பாள், அழுதிருப்பாள், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள். அவ்வளவுதான். நான் தரையைப் பார்த்தேன்.

அம்மா கெட்டவள் இல்லை. "இரு, வெறுங்கையோட போகாதே" என்று உள்ளே போய்த் தொன்னையில் சுண்டல் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அதைத் தூக்கி எறிந்திருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் எறியவில்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியிருக்க வேண்டும். அங்கேயே நின்று கடைசிக் கொண்டைக்கடலைவரை சாப்பிட்டாள்.

"உப்பு கம்மி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருப்புக் கொள்ளாமல் என்ன பிரயோஜனம்? மத்தியானம் எடுத்திருக்கலாம், சாயங்காலம் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. சாமி குத்தம் ஆகிவிடும் என்று பயந்தேனா, அம்மாவுக்குப் பயந்தேனா என்று கேட்டால், இரண்டும் இல்லை. அந்தக் கூடத்தில் எழுந்து நடந்தால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்களே என்று கூசினேன். இவ்வளவு அற்பமான காரணம்.

மறுநாள் விடிந்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏழரைக்குப் புனர்பூஜை முடிந்தது. வழக்கப்படி ஆளுக்கு நாலு வரி படிக்க வேண்டும். அந்தப் பாதிப் புத்தகத்தையே எடுத்து நாலு வரி படித்துவிட்டு, அவளை மறுபடி அலையவிடக் கூடாது, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கிளம்பினேன். அவளுக்குப் போன் அடித்தேன், அணைந்திருந்தது. அந்தப் போனில் பாதி நாள் சார்ஜ் நிற்காது, கண்ணாடியும் குறுக்கே வெடித்திருக்கும். பரவாயில்லை, நேரில் போய் நின்றால் ஆச்சரியப்படுவாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பஸ்ஸில் போய் இறங்கி, ஒரே மாதிரி நின்ற கட்டடங்களுக்கு நடுவில் பிளாக் எண்ணைத் தேடி, மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டும்போது பத்தே கால். அவளுடைய அம்மா திறந்தார்.

"நீயா கண்ணு? அவ ஒங்க வூட்டுக்குத்தானே போயிக்கீறா? பத்து மணிக்கு வரச் சொன்னீங்களாமே. எட்டு மணிக்கே பூட்டா."

வீட்டுக்குப் போன் செய்தேன். "அந்தப் பொண்ணு கரெக்டா பத்து மணிக்கு வந்துட்டாடி" என்றாள் அம்மா. "நீ புஸ்தகத்தை எடுத்துண்டு அவாத்துக்கே போயிருக்கேன்னு சொன்னேன். சிரிச்சா. போயிட்டா."

நான் அங்கே உட்கார்ந்து காத்திருந்தேன். ஒரே அறை. தண்ணீர்க் குடங்களுக்கு மேலே பலகை அடித்து, அதில் அவளுடைய புத்தகங்கள். ஒன்றுக்கும் அட்டை கிடையாது. தாள்களின் ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் புத்தகத்தின் பெயரை எழுதி வைத்திருந்தாள். எல்லாம் தொட்டுத் தொட்டு நைந்துபோயிருந்தன.

பன்னிரண்டரைக்குப் படியேறி வந்தாள். முகம் வியர்த்து, தலை கலைந்திருந்தது. நான் எழுந்து புத்தகத்தை நீட்டினேன். வாங்கினாள். முதல் தாளில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் மெல்லச் சுரண்டினாள். "இதுக்கு கீழ ரெண்டு வரி கீது" என்றாள். சுரண்டி முடித்த பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"நீ சிரமப்பட வேணாமேன்னுதான் நானே..." என்று ஆரம்பித்தேன்.

"நேத்து நாலு அடி நடந்து உள்ள போயி எடுத்துக்கினு வந்திருந்தா போதும்" என்றாள். குரல் உயரவே இல்லை. "இன்னிக்கு இவ்ளோ தூரம் இன்னாத்துக்கு வந்த?"

நான் கதவோரம் கழற்றிப் போட்ட செருப்பைத் தேடினேன்.

"சரி, கிளம்பு. உனக்கும் நாளைக்கு பரிட்சைதான. போய் படி" என்றாள். பையிலிருந்து முதல் பாதியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, என்னைத் தாண்டி, ஜன்னலடியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுடைய அம்மாதான் என்னோடு கீழே பஸ் ஸ்டாப்வரை வந்தார்.

முடிவு வந்தபோது பட்டியலில் என் எண் இருந்தது. இரண்டு பேரும் ஒரே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பித்ததால் அவள் எண்ணும் எனக்கு மனப்பாடம். பட்டியலை மேலிருந்து கீழே மூன்று தடவை பார்த்தேன். இல்லை. போன் செய்தேன், அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது குரல். தி.நகரில் துணிக் கடை துணிக் கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன். எல்லா மாடியிலும் யாராவது ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், அவள் இல்லை. அவளுடைய வீட்டுக்கு மட்டும் நான் மறுபடி போகவில்லை. ஏன் வந்தாய் என்று அவள் மறுபடி கேட்டால் சொல்ல அன்றும் என்னிடம் ஒன்றும் கிடையாது.

"ஒரு நாள் படிக்காததாலயா அவளுக்குக் கிடைக்கலே? நீ ஏன் மனசைப் போட்டுக் குழப்பிக்கறே?" என்று அம்மா இன்றும் கேட்கிறாள். இருக்கலாம். அந்த ஒன்றரை நாள் கையில் புத்தகம் இருந்திருந்தாலும் அவளுக்குக் கிடைக்காமல் போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவே வழியில்லாமல் ஆக்கிவிட்டோம் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

போன சரஸ்வதி பூஜையன்று கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். அம்மா மணி அடித்து, கற்பூரம் காட்டி முடித்தாள். நான் எழுந்தேன். பட்டுத்துணியை விலக்கி, மேலாக இருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

"ஏய், பூஜையில வெச்சதைத் தொடறியே! பைத்தியமா உனக்கு?" என்று அம்மா பின்னால் கத்தினாள். திரும்பிப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவு சுலபம்.

கேட்வரை பதினோரு அடி. நாலு என்று அவள் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாள். கேட்டைத் திறந்து, கையில் புத்தகத்தோடு கொஞ்ச நேரம் நின்றேன். வாசலில் யாரும் இல்லை.